வேகமாகப் பாடியவர்கள்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். அத்தானுக்கு மாடி ஏறும்போது முழங்கால் முனகுகிறது, இறங்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? தனிக்கட்டைக்கு அடுப்பு மூட்டச் சோம்பலாக இருக்கும். அதற்காக ரொட்டியைக் கடித்தே காலத்தை ஓட்டாதே.

போனில் சொல்லலாம் என்றால் நீ பிடி கொடுப்பதில்லை. நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று சொல்லி வைத்துவிடுகிறாய். உன் போனும் கற்காலத்துப் போன். அதனால்தான் தாளை எடுத்தேன்.

விஷயம் இதுதான். மாடிப்படி ரெக்கார்ட்ஸ் என்று ஒன்று இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அத்தானின் டேப் மெஷின், என் தட்டச்சு மெஷின், சத்தம் வெளியே போகாமலிருக்க ஜன்னலில் ஆணியடித்த பழைய மெத்தை. எட்டு வருடத்தில் பதினோரு குழுக்களுக்கு இசைத்தட்டு போட்டோம். பத்துக் குழுக்களை அவர்கள் வீட்டாரே மறந்துவிட்டார்கள். பதினோராவது நீங்கள். பல்செட்டு.

உங்கள் ஒரே ஒரு தட்டை மறுபடி வெளியிட வேண்டுமென்று ஒரு பெரிய கம்பெனி கேட்டிருக்கிறது. எழுதிய பெண்ணுக்கு, தட்டு வந்தபோது பல் முளைத்திருக்காது. "பாப் பங்க் வகையில் இது மிக அரிய தட்டு" என்கிறாள். நீங்கள் வேகவேகமாக அடித்துப் பாடினதற்கு அதுதான் பெயராம். அன்றைக்குக் கடைக்காரர்கள் இதை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல் குழந்தைப் பாட்டுகளோடு வைத்தார்கள்!

தட்டோடு பதினாறு பக்கப் புத்தகம் ஒன்றும் வருகிறது. கம்பெனி நடத்தியவள் என்ற முறையில் என் நினைவுகளை நான் எழுதுகிறேன். பேஸ் கிட்டார் வாசித்த வாத்தியார் தன் பங்கை அனுப்பிவிட்டார். அன்று பட்டப்பெயருக்கு வாத்தியார், இன்று நிஜமாகவே தலைமை ஆசிரியர். டிரம்ஸ் அடித்த நீ எழுத வேண்டும்.

கிட்டார் வாசித்துப் பாடின பல்லிதான் எழுத முடியாது. அவன் போய் இந்த வாரத்தோடு நாலு மாதமாகிறது. அதைப் பற்றி உன்னிடம் இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். பேசவில்லை. அவன் குரல் மறுபடி வெளியே வரப்போகிறது, அதற்காகவாவது இரண்டு பக்கம் எழுது.

குளிரில் கழுத்தைச் சுற்றிக்கொள். பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. தொழிற்சாலையில் வேலை அதிகம். அட்டைப்பெட்டிக்கு இப்படி ஒரு கிராக்கி வருமென்று யாரும் நினைக்கவில்லை.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எழுதுகிறேன். ஆனால் கொஞ்சம் அவகாசம் கொடு.

ஒன்று கேட்க வேண்டும். பல்லி கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டானா? என்ன தேதி அது? யார் பக்கத்தில் இருந்தார்கள்?

வேறு ஒன்றும் விசேஷமில்லை. அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்குக் கேட்கிறேன்.

இதைக் கேட்க உனக்கு ஐந்து மாதம் ஆயிற்றா? சரி, கேட்டாய், சொல்கிறேன். செப்டம்பர் பதினாலு. ரத்தத்தில் நோய். ஜூனில் தெரிந்தது. அதற்கு முந்தின வாரம்வரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக் வேலை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் நடுக்குழியில் கயிறு கட்டித் தொங்குவதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஸ்பீக்கர் மேல் ஏறித் தொங்கித்தானே பல்லி என்று பெயர் வாங்கினான். அந்தக் காலத்தில் வேறொரு பெரிய கம்பெனி அவனைத் தனியாகப் பாட வைத்து ஒரு தட்டு போட்டது, அது ஓடவில்லை, அதன்பிறகு அவன் மேடை ஏறவே இல்லை. இருபது வருடம் லிஃப்ட்தான்.

பக்கத்தில் நானும் அத்தானும் இருந்தோம். அவனுக்கு வேறு யார்? கஷ்டப்பட்டானா என்றால், உடம்புக் கஷ்டத்துக்கு மருந்து கொடுத்தார்கள்.

பழைய பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறேன். தட்டின் உறை ஒன்று கிடைத்தது. ஐந்நூறு உறைகளை நாம் ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து மடித்துப் பசை போட்டோமே, நினைவிருக்கிறதா? முந்நூறு முடிந்த பிறகுதான் உங்கள் படம் தலைகீழாக ஒட்டியிருப்பது தெரிந்தது. நான் அழாத குறை. பல்லி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, வாங்குறவன் தலைகீழா நின்னு பார்க்கட்டும். அந்த மாதிரி ஆளுக்குத்தான் இந்தப் பாட்டு புடிக்கும்" என்றான். மீதியையும் அப்படியே ஒட்டி விற்றோம். இன்று தலைகீழ் உறை இருந்தால்தான் அசல் தட்டாம், அந்தப் பெண் எழுதுகிறாள்.

இதெல்லாம் என் பக்கம். உன் பக்கம் எங்கே?

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே பனி உருகிச் சாலையெல்லாம் சேறு.

இதோ என் பக்கம். பிடித்ததை வைத்துக்கொள், மீதியைக் கிழித்துப் போடு.

பெயர் வந்த கதையைப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். நடந்தது இது. தொழிற்பயிற்சிப் பள்ளி ஆண்டு விழா. எங்கள் முதல் மேடை. குழுவுக்கு அப்போது பெயரே கிடையாது. நாலு பாட்டுதான் தெரியும், நாலும் ஒரே பாட்டு மாதிரி இருக்கும். இரண்டாவது பாட்டில் பல்லி எம்பிக் குதித்தான். இறங்கும்போது மைக் அவன் வாயைச் சந்தித்தது. முன்பல் பாதி போயிற்று. சட்டையெல்லாம் ரத்தம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் எழுந்துவிட்டார்கள். அவன் மைக்கைப் பிடித்து, "பயப்படாதீங்க, பல்செட்டு வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினான். மறுவாரமே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "அந்த பல்செட்டுப் பசங்க மறுபடி எப்போ வருவாங்க?" நாங்கள் பெயர் வைக்கவில்லை, ஊர் வைத்தது. பல்செட்டு வைக்கிற வயதிலும் மூன்று பேரும் மேடையில் நிற்பது என்று அப்போது சபதம் போட்டோம்.

இன்னொன்று. பள்ளிக்கூட ஹாலில் பகல் நிகழ்ச்சி. மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. கிட்டார் செத்தது, பேஸ் செத்தது, மைக் செத்தது. மேடையில் கரண்ட் இல்லாமல் ஓடுகிற ஒரே ஆள் நான்தான். நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். பல்லி ஓடிவந்து என் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, பெரிய டிரம்மில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நிறுத்தாத தம்பி, நிறுத்தாத" என்றான். அடித்துக்கொண்டே இருந்தேன். இருநூறு பிள்ளைகள் அந்தப் பாட்டை முழுசாகப் பாடி முடித்தார்கள். அதில் பாதிப் பேருக்கு வரிகூடத் தெரியாது, வாயில் வந்ததைப் பாடினார்கள். கரண்ட் வந்தபோது எங்களுக்கு வேலை மிச்சமில்லை.

அக்கா, நீ கூப்பிடுவதால் எல்லோரும் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள். பல்லி என்னைவிட ஒரு வயது சின்னவன், அவனுக்கும் நான் தம்பி. இதையும் எழுதிக்கொள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பல் கதையில் சிரித்தவர் கரண்ட் கதையில் எழுந்து போய்விட்டார். முழங்கால் சாக்கு.

இத்துடன் ஒரு குறுந்தகடு வைத்திருக்கிறேன். பழைய டேப்பிலிருந்து இரைச்சலை எடுத்து அத்தான் ஆறு வாரமாகச் சுத்தம் செய்த ஒலி. சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. புதுத்தட்டு இதை வைத்துத்தான் வரும். குழுவில் உயிரோடு இருக்கும் இரண்டு பேரும் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் அச்சுக்கு அனுப்புவேன் என்கிறார். வாத்தியார் கேட்டுவிட்டார். நீ கேட்டுவிட்டு ஒரு போன் போடேன். இப்போது உன்னோடு பேச வேண்டும்போல இருக்கிறது. கொஞ்ச நாளாக இருக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

இன்னொன்று. புத்தகத்தில் குழு பிரிந்ததைப் பற்றி யாராவது எழுத வேண்டும். இரண்டாவது தட்டு பாதியில் நின்றது ஏன் என்று அந்தப் பெண் மூன்று தடவை கேட்டுவிட்டாள். அன்று படிக்கட்டில் என்ன நடந்தது என்பது எனக்குக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். குறுந்தகடு பத்திரமாக வந்தது. நன்றாக வந்திருக்கிறது. பல்லியின் குரல் நேற்றுப் பாடினதுபோல இருக்கிறது. என் டிரம்ஸ்தான் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது, அத்தான் மனசு வைத்தால் குறைக்கலாம். மற்றபடி எனக்குச் சம்மதம், அச்சுக்கு அனுப்பலாம்.

போன் சரியாக இல்லை. எழுதுவதே நல்லது. படிக்கட்டு விஷயத்தைப் பிறகு பார்த்துக்கலாம்.

அத்தானின் உழைப்புக்கு என் வணக்கம்.

தம்பி


மே 19

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

உனக்கு அனுப்பின குறுந்தகட்டில் ஒன்றுமே இல்லை. பாட்டு உள்ள தகடு நேற்று அத்தானின் மெஷினுக்குள்ளேயே கிடைத்தது. அவசரத்தில் வெறும் தகட்டை உறையில் போட்டுவிட்டார். "ஐயோ, தம்பி என்ன நினைச்சிருப்பான், உடனே வேற அனுப்பு" என்று பதறினார். நான் உன் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பல்லியின் குரல் நேற்றுப் பாடினதுபோல இருக்கிறதாம். டிரம்ஸ் தூக்கலாம். அத்தான் இரண்டு தடவை படித்தார். மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு வாரம் உழைத்த மனுஷன்.

ஒரு தடவை போட்டுக் கேட்கக்கூட உனக்கு மனசில்லை. அப்படி என்னடா வைராக்கியம்?

பேசுவதில்லை என்றிருந்தேன். இனி பேசாமலிருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். செப்டம்பரில், ஆஸ்பத்திரியில், பல்லி உன்னைக் கூப்பிட வேண்டுமென்றான். அவன் போனில் நான்தான் உன் எண்ணைப் போட்டுக் காதில் வைத்தேன். குரல் தேய்ந்து போயிருந்தது, ஆனாலும் பேச வந்தது. இரண்டு நாளில் மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் நீ ராங் நம்பர் என்று வைத்தாய். மூன்றாவது தடவை, "நான்தான்டா, பல்லி" என்று சொன்னான். என் காதால் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "இனிமே கூப்பிடாதீங்க." அவன் போனை என்னிடம் நீட்டினான். "அக்கா, தம்பி என்கிட்ட 'ங்க' போட்டுப் பேசுறான்" என்றான். "திட்டியிருந்தா பரவாயில்ல. 'ங்க' போட்டுட்டான்." அதன்பிறகு உன்னைப் பற்றிப் பேசவே இல்லை.

பதினாலாம் தேதி நானே கூப்பிட்டேன். "பல்லி போயிட்டான்டா" என்றேன். "சரிக்கா. நல்லது. பார்த்துக்கலாம்" என்றாய். நல்லதாம்! "செத்தாலும் என் மூஞ்சியில முழிக்காத" என்று படிக்கட்டில் அவனிடம் கத்தினாயே, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய்.

உன்னிடம் இத்தனை நாள் பேசினதெல்லாம் செவிடன் காதில் ஊதின சங்கு. இனி ஊதப் போவதில்லை. உன் பக்கத்தை வெற்றுப் பக்கமாக விட்டுவிடச் சொல்கிறேன்.

அக்கா


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பத்துத் தடவை தொடங்கிக் கிழித்தேன். நீ படிப்பாயா என்றும் தெரியவில்லை.

நீ எழுதின பழமொழி சரிதான் அக்கா. எனக்குக் காது கேட்காது.

இடது காது போய் ஆறு வருடம். வலது காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இரண்டு வருடமாக முழுசாக இல்லை. சின்ன வயதில் அடித்த அடி பாதி, தொழிற்சாலை மெஷின் பாதி என்றார் டாக்டர். பின்னாலிருந்து வண்டி வந்தது தெரியாமல் நின்றேன் என்று என்னை மெஷின் பக்கத்திலிருந்து எடுத்து, பெட்டியில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். காதுக்கருவி கொடுத்தார்கள். அதைப் போட்டால் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், பேச்சு எது, கதவு எது என்று பிரியாது. மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். குருடனாகியிருந்தால் சொல்லியிருப்பேன். டிரம்ஸ் அடித்தவன் செவிடன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஒலியே பிழைப்பாக இருந்த உங்கள் இரண்டு பேரிடம்?

போனில் உன் பெயர் தெரிந்தால் எடுப்பேன். என்னிடம் மூன்று பதில் தயாராக இருந்தது. சரிக்கா, நல்லது, பார்த்துக்கலாம். நீ என்ன கேட்டாலும் மூன்றில் ஒன்று பொருந்திவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றையும் சொல்லி வைத்துவிடுவேன். பல்லி போய்விட்டான் என்று நீ சொன்னது எனக்குத் தெரியாது. அவனுக்கு நோய் என்பதே தெரியாது. அவன் போனது உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரியும். கம்பெனி, புத்தகம் என்று படித்துக்கொண்டே வருகிறேன், "அவன் போய் நாலு மாதம்" என்று இருக்கிறது. எங்கே போனான் என்று நினைத்தேன் அக்கா. ஊரைவிட்டுப் போய்விட்டானாக்கும் என்று. மறுபடி படித்தேன். அப்புறம் பதில் எழுத ஆறு வாரமாயிற்று.

அந்த மூன்று போனும் எனக்கு நினைவிருக்கிறது. சாப்பாட்டு இடைவேளை. சட்டைப் பையில் அதிர்ந்தது. தெரியாத எண். காதில் வைத்தால் ஒன்றுமில்லை. ஏதோ விற்கிறவர்கள் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அலுத்துப்போய் அப்படிச் சொன்னேன். தெரியாதவர்களிடம் 'ங்க' போட்டுத்தானே பேச வேண்டும்? உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாட்டு இடைவேளை வரும்போது என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.

குறுந்தகட்டை நான் போடாமல் இல்லை. இதை மட்டும் அத்தானிடம் சொல். மெஷினில் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருப்பி, ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காதால் கேட்க முடியாவிட்டாலும் என் அடியைக் கையால் தெரிந்துகொள்ளலாம் என்று. ஒன்றுமே அதிரவில்லை. காதோடு கையும் போயிற்று என்று நினைத்தேன். அதைச் சொல்லப் பயந்துதான் அந்தப் பொய்யை எழுதினேன். தகடு வெறும் தகடு என்று நீ எழுதினதைப் படித்தபோது, வெட்கப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கை பிழைத்தது என்று.

படிக்கட்டைப் பற்றிக் கேட்டாய். பெரிய கம்பெனி அவனை மட்டும் கூப்பிடுகிறது என்று சொல்ல அவன் முதலில் என்னிடம்தான் வந்தான். "நீ சொல்லு தம்பி, வேண்டாம்னா போகல" என்றான். போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சந்தோஷமாகப் போய் வா என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் உன் காதில் விழுந்ததைச் சொன்னேன். அவன் பாட்டு ஓடவில்லை என்று தெரிந்தபோது ஒரு வாரம் எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது. இதையும் புத்தகத்தில் போடு. மறைத்தது போதும்.

அவன் என்ன சொல்லக் கூப்பிட்டான் அக்கா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் கற்பனையாகச் சொல்லாதே.

உன் தம்பி


ஆகஸ்ட் 9

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தானிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

உன்னைத் திட்டி எழுதின கைதான் இது. அதைப் பற்றி வேறென்ன சொல்ல? மூன்றே பதிலை மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறாய், இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் கவனிக்கவில்லை. ஒரு சின்னக் கரகரப்பு வந்தால் டேப்பை நிறுத்துகிறவள் நான். என் கூடப்பிறந்தவனுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குக் கேட்கவில்லை.

அவன் என்ன சொல்லக் கூப்பிட்டான் என்று தெரியும். எண்ணைப் போடும்போது நானே கேட்டேன். "என்னடா பேசப் போற?" என்றேன். "முதல்ல நல்லா திட்டுவேன்" என்றான். "அப்புறம் அவன் திட்டுவான். ஒரு பத்து நிமிஷம் ரெண்டு பேரும் திட்டிக்குவோம். அப்புறம் சரியாயிடும்." இதில் என் கற்பனை ஒரு எழுத்தும் இல்லை.

பாட்டு உள்ள தகடு இத்துடன் வருகிறது. இந்தத் தடவை மூன்று பேர் கேட்டுப் பார்த்து உறையில் போட்டோம், வாத்தியார் மேற்பார்வை. முதல் பத்துப் பாட்டு பழைய தட்டு. அதற்கப்புறம் இருப்பது நீ இதுவரை கேட்காதது. பாதியில் நின்ற இரண்டாவது தட்டில் முடிந்த ஒரே பாட்டு, படிக்கட்டுச் சண்டைக்கு முந்தின நாள் பதிவு செய்தது. அதையும் சேர்த்து வெளியிடுகிறார்கள். நீ கையை வைத்துக்கொள், நான் காதைத் தருகிறேன்.

முதலில் நீ குச்சியைத் தட்டி நாலு எண்ணுகிறாய். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் யாரோ தும்முகிறார்கள், வாத்தியாராகத்தான் இருக்கும். கிட்டார் வருகிறது, தொடங்கினதிலிருந்தே அவசரம். பல்லி பாடுகிறான். வீட்டைவிட்டுப் போகிற ஒருவன், பூட்டினோமா பூட்டவில்லையா என்று பாதி வழியில் யோசிக்கிற பாட்டு. இரண்டாவது அடியில் மூச்சு போதாமல் ஒரு சொல்லை விழுங்குகிறான். அந்த இடத்தில் நீ ஒரு உருட்டு உருட்டி அவனைத் தூக்கி விடுகிறாய். சரியாக அந்த இடத்தில். அப்போது இதை நான் கவனித்ததே இல்லை. நடுவில் எல்லாம் நின்று அவன் குரல் மட்டும். ஒரு பல் உடைந்த குரல், "ச"வில் காற்றுப் போகிறது. அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து கத்துகிறீர்கள். உன் குரல் அடியில் இருக்கிறது, சுருதி சேரவில்லை, சந்தோஷமாக இருக்கிறது. மொத்தம் இரண்டு நிமிடம் பதினோரு நொடி.

முடிந்த பிறகும் அத்தான் டேப்பை நிறுத்தவில்லை. கதவு திறக்கிற சத்தம். யாரோ ஒரு ஆள் தூரத்திலிருந்து ஏதோ கேட்கிறார், பல்லி ஏதோ பதில் சொல்கிறான், இரண்டும் தெளிவில்லை. உடனே மூன்று பேரும் சிரிக்கிறீர்கள். அப்படி ஒரு சிரிப்பு! ஒருவன் நிறுத்தினால் இன்னொருவன் ஆரம்பிக்கிறான். முக்கால் நிமிடம். அத்தானுக்கு அது என்னவென்று நினைவில்லை, வாத்தியாருக்கும் இல்லை. நான் அன்று அச்சகத்துக்குப் போயிருந்தேன். உனக்கு நினைவிருக்கிறதா? இருந்தால் எழுது. அதைப் புத்தகத்தில் போட வேண்டும்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போடா. பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திரு.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே கொஞ்சம் நலம்.

அக்டோபரில் இரண்டு வாரம் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். ரயிலடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிற்காதே. நேராக வந்து முதுகில் ஒன்று போடு. பல்லியை வைத்த இடத்துக்கு நாம் நாலு பேரும் போக வேண்டும். அங்கே பத்து நிமிடம் எனக்குத் தனியாக வேண்டும். திட்டுவதற்கு என்று வைத்துக்கொள்.

உன் தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையை ஸ்பீக்கர் மேல் வைத்தேன். நாலு தட்டும் வந்தது. தும்மல் வரவில்லை, உன் எழுத்தில் வந்தது. அவன் சொல்லை விழுங்கின இடத்தில் என் உருட்டு உள்ளங்கையில் ஓடினபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று கேட்டேன். டிரம்ஸ் தூக்கலாக இல்லை, சரியாக இருக்கிறது என்று அத்தானிடம் சொல். அச்சுக்கு அனுப்பட்டும்.

சிரிப்பு கைக்கு வரவில்லை. ஆனால் அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் கீழே சலவைக்கடைக்காரர். அன்று காலையிலிருந்து அந்தப் பாட்டை முப்பது தடவை வாசித்திருப்போம். தோளில் யாருடைய கோட்டோ கிடக்கிறது, கையில் இஸ்திரிப் பெட்டி, ஒயர் தரையில் இழுபடுகிறது. அப்படியே அடிக்க வந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். ஆனால் மனுஷன் கதவுக்கு வெளியே நின்று பாட்டை முழுசாகக் கேட்டிருக்கிறார். முடிந்ததும் உள்ளே வந்து, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன்டா இப்படி அடிச்சுப் புடிச்சு ஓடுறீங்க? நிதானமாப் பாடினா என்ன, பஸ்ஸா போயிடப் போகுது?"

பல்லி கிட்டாரைக்கூடக் கழற்றவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னான்.

"ஆமாண்ணே. போயிடும்."

அதற்குத்தான் அக்கா சிரித்தோம்.

உன் தம்பி